மாமரத்தடியில் கருகாத பெரணி

கேள்வி: கோவையில் எங்கள் வீட்டின் வடபுறம், மாமரத்தடியில் 10 அடிக்கு 4 அடி இடம் இருக்கிறது. வெயில் விழாததால் புல் பிடிக்கவில்லை. பாஸ்டன் பெரணி வைத்தேன். சித்திரை பிறந்தாலே ஓரம் கருகிவிடுகிறது. ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் நம் ஊர்ப் பெரணி ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாறை இடுக்கிலும் மண்சரிவிலும் தானாக வளர்வது. பாஸ்டன் பெரணி இதே பேரினம்தான். ஆனால் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடியிலிருந்து வந்த வகை. வித்தியாசம் வேரில் தெரியும். நம்முடையதன் ஓடுதண்டுகளில் கோலிக்குண்டு போன்ற உருண்டைக் கிழங்குகள் இருக்கும், நறுக்கினால் உள்ளே நீர்தான். நாலு நாள் தண்ணீர் விட மறந்தாலும் செடி தாங்குவது இவற்றால். நர்சரியில் இரண்டையும் ‘ஃபெர்ன்’ என்றே கொடுப்பார்கள். மண்ணைக் கொஞ்சம் விலக்கிக் கிழங்கைப் பார்த்து வாங்குங்கள். காட்டிலிருந்து பிடுங்கி வரவே வேண்டாம்.

மாமரத்தடியில் ஆழமாகக் கொத்தினால் மரத்தின் வேர் அறுபடும். அதனால் மேலே 15 செ.மீ. உயரத்துக்கு மண் பரப்பி மேடாக்குங்கள். அடிமரத்திலிருந்து 2 அடி விட்டுவிடுங்கள். பட்டையோடு மண் ஒட்டினால் அழுகும். கலவை: தோட்ட மண் 2 பங்கு, மக்கிய இலை 2 பங்கு, பருமணல் 1 பங்கு. தென்னைநார்க் கழிவு சேர்ப்பதானால் மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள், அதில் உப்பு இருக்கும்.

ஆனி மாதம், தென்மேற்குக் காற்றில் ஈரம் வந்தபின் நடலாம். 45 செ.மீ. இடைவெளி போதும், 12 செடி வாங்கினால் ஓடுதண்டு விட்டுத் தானே நிரப்பிக்கொள்ளும். பலரும் தவறுவது நடும் ஆழத்தில். இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதி மண்மட்டத்தில்தான் இருக்க வேண்டும். மூடிவிட்டால் சுருள்குருத்து அழுகி, இலை நடுவிலிருந்து கறுக்கும்.

நுனி மட்டும் பழுப்பானால் காரணம் வேறு: ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, அல்லது வறண்ட காற்று. இரண்டையும் தண்ணீர்க் குறை என்று எண்ணித் தினமும் உப்பு நீரையே ஊற்றினால் நிலைமை மோசமாகும். மண்மேல் வெள்ளைப் படிவு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மழைநீரால் நன்றாக அலசிவிட்டு, 5 செ.மீ. தடிமனுக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். மேல்மண் விரல்கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். யூரியா வேண்டாம், வேர் பொசுங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

இலையடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது பூச்சியல்ல, பெரணியின் வித்துத்தூள் (ஸ்போர்) பொதி, மருந்தடிக்க வேண்டாம். ஒழுங்கின்றிச் சிதறி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்து, இலையும் பிசுபிசுத்தால் அது செதில்பூச்சி. அந்த இலைகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

இது வேகமாகப் பரவும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தொல்லை தரும் அயல்செடியாகவே ஆகிவிட்டது. பாத்தியின் ஓரத்தில் செங்கலைச் செங்குத்தாகப் புதைத்து, வெளியே தாண்டும் ஓடுதண்டுகளை மாதமொருமுறை நறுக்கிவிடுங்கள். கிழங்கைத் தோட்டத்து மூலையில் வீசிவிடாதீர்கள், அங்கேயும் முளைக்கும்.