மூன்றாம் ஆண்டிலிருந்து எண்ணுங்கள்

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். தங்கச்சி பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டாள். சிவில் எஞ்சினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். ஈப்போவில் ஒரு ஏஜண்டைப் பார்த்தோம். கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம், அப்புறம் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம், செலவு பாதியாகிவிடும் என்கிறார். மாமாவோ, "கொலேஜ் கொமுனிட்டி நம்ம ஊர்லயே இருக்கே, அதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா?" என்கிறார். அப்பாவின் இபிஎப் பணமும் என் சேமிப்பும் சேர்ந்தால் இரண்டு வருடத்துக்குத் தாங்கும். அனுப்பலாமா?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

மாமாவை யாரும் குறை சொல்ல வேண்டாம். பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது. நம் நாட்டில் 2001இல் தொடங்கிய கொலேஜ் கொமுனிட்டிகள் கைத்தொழில் சார்ந்த சான்றிதழும் டிப்ளோமாவும் தருபவை. நம் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அவை வேலை வாங்கித் தந்திருக்கின்றன. அமெரிக்காவில் அந்தப் பெயர் கொண்ட கல்லூரிகள் கைத்தொழிலும் கற்றுத் தருகின்றன. கூடவே, நான்கு ஆண்டுப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களையும் நடத்துகின்றன. கலிபோர்னியாவில் ஏறக்குறைய 60 யூனிட் (பாடங்களுக்குத் தரும் கிரெடிட் கணக்கு) முடித்தவர் மூன்றாம் ஆண்டு மாணவராகப் பல்கலைக்கழகத்தில் சேரலாம். கடைசியில் கையில் வரும் பட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். வழி நல்ல வழி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் அப்படி மாறிப் போய்ப் படித்தவள்தான்.

உங்கள் கடிதத்தில் என்னைத் திரும்பப் படிக்க வைத்தது வேறொரு வரி. "இரண்டு வருடத்துக்குத் தாங்கும்."

தம்பி, இரண்டு பாதியும் ஒரே விலை இல்லை. முதல் பாதிதான் மலிவு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டினரும் வழக்கமான கட்டணம் போக, கூடுதலாக மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். சாப்பாடு, வாடகை, காப்புறுதி எல்லாம் அதற்கு மேல். விசாவுக்கான ஐ-20 தாளைக் கல்லூரி கொடுக்கும்போது முதல் ஆண்டுக்கான பணத்தைக் காட்டினால் போதும். பல்கலைக்கழகம் மாறும்போது புதிதாக ஐ-20 வாங்க வேண்டும், மறுபடியும் பணம் காட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் குடும்பங்கள் தவித்துப்போகின்றன. இரண்டு ஆண்டோடு திரும்பி வந்தால் கையில் இருக்கும் அசோசியேட் என்ற இரண்டாண்டுப் பட்டத்தை வைத்து இங்கே எஞ்சினியராகப் பதிவு செய்ய முடியாது. பகுதிநேர வேலையையும் நம்ப வேண்டாம். படிப்பு நடக்கும் நாள்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம், அவ்வளவுதான். அது கைச்செலவுக்கே சரியாய்ப் போகும்.

என் கதையைச் சொல்கிறேன். 1996இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கல்லூரியில் அமெரிக்க மாற்றுத் திட்டத்தில் சேர்ந்தேன். இரண்டு ஆண்டு இங்கே, இரண்டு ஆண்டு அங்கே. அப்பா பால்மரத் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்). 1997 நடுவில் ஒரு டாலர் இரண்டரை வெள்ளி, அதாவது ரிங்கிட். அதை வைத்துத்தான் அப்பா கணக்குப் போட்டிருந்தார். 1998 ஜனவரியில் அது 4 வெள்ளி 80 காசையும் தாண்டியது. அந்த ஆகஸ்டில் நான் விமானம் ஏறியபோது அம்மா இரண்டு கூட்டுச் சீட்டின் பணத்தை முன்கூட்டியே எடுத்திருந்தார். அடுத்த மாதம் அரசு 3.80 என்று நிலைநிறுத்தியது. அதற்குள் முதல் செமஸ்டருக்குக் கட்டியாகிவிட்டது.

பணம் ஒரு பக்கம். இன்னொன்றும் நடந்தது. போன முதல் வாரம், ஆலோசகர் அம்மா ஒருவர் என் மதிப்பெண் தாளை மேசையில் விரித்து, பென்சிலால் வரிவரியாகக் குறித்துக்கொண்டே வந்தார். புள்ளியியலுக்கும் லீனியர் அல்ஜீப்ராவுக்கும் எதிரே மட்டும் 'எலெக்டிவ்' என்று எழுதினார். கிரெடிட் கிடைத்துவிட்டதே என்று நான் நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் விளக்கினார்: மொத்த எண்ணிக்கையில் சேரும், என் துறைக்குக் கட்டாயமான பாடமாகச் சேராது, இரண்டையும் திரும்பப் படிக்க வேண்டும். என்னென்ன அத்தியாயம் நடத்தினார்கள் என்ற பாடத்திட்டத் தாள் இருந்தால் மறுபரிசீலனை செய்யலாம் என்றார். வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா அந்தத் தாள்களை அடுப்படி அலமாரியில் விரித்து, மேலே மிளகாய்த்தூள் டப்பாக்களை அடுக்கியிருந்தார். கல்லூரிக்கு எழுதினேன். பதில் வந்தபோது அந்த செமஸ்டரே முடிந்துவிட்டது. எனக்கு அரை ஆண்டு கூடிப்போயிற்று. சேரும்போது அந்தக் கல்லூரி "எல்லா கிரெடிட்டும் மாறும்" என்றுதான் சொல்லியிருந்தது. அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் ஏஜண்டிடம் "கிரெடிட் மாறுமா?" என்று கேட்காதீர்கள். "இந்தப் பாடம் அங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு?" என்று கேளுங்கள். கலிபோர்னியாவுக்கு இதைப் பார்க்க 'அசிஸ்ட்' என்ற இணையதளம் இருக்கிறது, இலவசம். கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் துறையையும் தேர்ந்தெடுத்தால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். எஞ்சினியரிங்கில் இது இன்னும் முக்கியம். கால்குலஸ், இயற்பியல் எல்லாம் சங்கிலி மாதிரி. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் உட்கார முடியும். முதல் செமஸ்டரில் ஒன்றை விட்டால் மூன்றாம் ஆண்டுக்குத் தயாராவதே தள்ளிப்போகும்.

ஏஜண்ட் 'இடம் உறுதி' என்று சொல்லியிருப்பார். டேக் என்ற ஏற்பாட்டைத்தான் சொல்கிறார், அதாவது நிபந்தனைகளை நிறைவேற்றி மாறி வருபவருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இடம் உறுதி தருவது. அது இருப்பது உண்மைதான். ஆனால் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் மட்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ அதில் சேரவில்லை. அந்த ஆறில்கூட ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் மூன்றிலும் சிவில் துறையே கிடையாது. மற்ற இடங்களிலும் துறைக்குத் துறை நிபந்தனை உண்டு. கால் ஸ்டேட் என்ற கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களையும் பாருங்கள். கட்டணம் குறைவு, அசிஸ்ட் பட்டியல் அவற்றுக்கும் இருக்கிறது. எங்கே போனாலும் அந்த சிவில் படிப்புக்கு ஏபெட் (அமெரிக்காவில் எஞ்சினியரிங் படிப்புகளை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு நாட்டின் எஞ்சினியரிங் பட்டத்தை மற்ற நாடுகள் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் அமெரிக்கா இருக்கிறது, மலேசியாவும் 2009 முதல் இருப்பதால், நாளைக்கு இங்கே பதிவு செய்ய அது கைகொடுக்கும்.

இன்னொரு வழியை ஏஜண்ட் சொல்லவில்லை போலிருக்கிறது. முதல் இரண்டு ஆண்டை இங்கேயே, வெள்ளியில் கட்டிப் படிக்கலாம். 1980களிலிருந்தே நம் தனியார் கல்லூரிகள் அதைத்தான் செய்துவருகின்றன. ஏஜண்டுகள் பலருக்கும் வெளிநாட்டுக் கல்லூரிதான் கமிஷன் தருகிறது. உங்கள் ஏஜண்டைத் தப்பாகச் சொல்லவில்லை. எல்லா வழியையும் அவர் வாயாலேயே கேட்கக் காத்திருக்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு தாளில் மூன்றாம் ஆண்டுச் செலவை முதலில் எழுதுங்கள், அப்புறம் நான்காம் ஆண்டு. டாலரை இன்றைய விலையில் போடாதீர்கள், கொஞ்சம் கூட்டியே போடுங்கள். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரு பதில் கிடைத்த பிறகு முதல் ஆண்டுக்கு வாருங்கள். பதில் கிடைக்காவிட்டால், உள்ளூரில் சிவில் படிக்கும் வழிகளை இந்த வாரமே பார்க்க ஆரம்பியுங்கள். உங்கள் சேமிப்பு லாரி ஓட்டிச் சேர்த்தது, அப்பாவின் பணம் அவர் முதுமைக்கு வைத்தது. இரண்டையும் பாதி வழியில் விட்டுவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அசிஸ்ட் பட்டியலைத் தங்கச்சியே எடுக்கட்டும். டேவிஸ் ஒன்று, ஏதாவது ஒரு கால் ஸ்டேட் ஒன்று. எஸ்.டி.பி.எம். பாடங்களுக்கு கிரெடிட் உண்டா என்று அவளே மின்னஞ்சல் போட்டுக் கேட்கட்டும். சில பல்கலைக்கழகங்கள் தருகின்றன. வந்த பதில்களோடு அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். வரிவரியாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
டீச்சர்