தில்லிக் குளிரும் மதுரைக் கணக்கும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து தில்லிக்கு வந்து இது எங்களுக்கு முதல் குளிர்காலம். சந்தையில் குவிந்து கிடக்கும் கீரையையும் காய்களையும் பார்த்து, இந்த ஊர்ச் சமையலை வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். மூன்று செய்தேன், மூன்றும் சரியாக வரவில்லை.

சர்சோன் சாகுக்குக் கடுகுக் கீரையைப் பத்து நிமிடம் வேகவைத்து, மிக்ஸியில் அரைத்துத் தாளித்தேன். ஒரே கசப்பு, தட்டில் தண்ணீர் தனியாகப் பிரிந்து ஓடியது. மக்கி ரொட்டிக்கு மக்காச்சோள மாவைச் சப்பாத்தி மாவு மாதிரியே பிசைந்து அரை மணி நேரம் ஊறவைத்தேன். பூரிக்கட்டையை வைத்ததும் விண்டுவிட்டது. காஞ்ஜி என்ற கறுப்புக் கேரட் புளிப்புப் பானத்தை ஒரு பாட்டிலில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தேன். மூன்றாம் நாள் வரை புளிக்கவே இல்லை. ஐந்தாம் நாள் மேலே வெள்ளையாகப் படலம் கட்டியது, கொட்டிவிட்டேன்.

எங்கே தப்பு? ஜனவரியில் வேறு என்னென்ன செய்து பார்க்கலாம்?

ர., துவாரகா, புதுதில்லி

அன்புள்ள ர.,

செய்ததை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள், அதனால் தவறு எங்கே என்று சுலபமாகத் தெரிகிறது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். கீரைக்குப் பத்து நிமிடம், மாவு ஊற அரை மணி, புளிக்க ஓர் இரவு அல்லது இரண்டு நாள் என்று மதுரையில் கைக்குப் படிந்த கணக்கைத் தில்லிக்கும் அப்படியே கொண்டுவந்திருக்கிறீர்கள். இந்தச் சமையல் குளிருக்காகவே உருவானது, பெரும்பாலும் நிதானமாக நடப்பது. அதன் கணக்கைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கைக்குப் புதிதாக எந்த வித்தையும் வேண்டாம்.

முதலில் சாக். கடுகுக் கீரையை மட்டும் தனியாகச் சமைத்தால் யார் செய்தாலும் கசக்கும். அதில் இரண்டு கீரைகள் கலக்க வேண்டும். 1 கிலோ கடுகுக் கீரைக்கு 250 கிராம் பாலக், 250 கிராம் பத்துவா. பத்துவா என்பது நம் சக்கரவர்த்திக் கீரைதான், கோதுமை வயலில் களையாக முளைப்பது. சஃபல் காய்கறிக் கடையில் இல்லாவிட்டாலும் வாரச் சந்தையில் தரையில் சாக்கு விரித்து விற்பவர்களிடம் கிடைக்கும். கடுகுக் கீரையை இளசாகப் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் பூ விரிந்த கட்டில் கசப்பு கூடுதல். தண்டைத் தூக்கிப் போட வேண்டாம். நகத்தால் கீறி நாரை உரித்தால் உள்ளே இருக்கும் பச்சைத் தண்டுதான் சாகுக்கு உடம்பு கொடுப்பது. குளிர்காலக் கீரையில் மண் அதிகம் இருக்கும். நாலு தண்ணீர் அலச வேண்டும்.

எல்லாவற்றையும் நறுக்கி, 2 அங்குல இஞ்சி, 6 பல் பூண்டு, 4 பச்சை மிளகாயோடு அடிகனமான பாத்திரத்தில் போட்டு, ஒன்றரைக் கப் தண்ணீர் விட்டு, பாதி மூடி, சிறுதீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். குக்கர் என்றால் 2 விசில் வந்த பிறகு தீயைக் குறைத்து 25 நிமிடம். கடுகின் காட்டமும் கசப்பும் அடங்க இவ்வளவு நேரம் பிடிக்கும். உப்பை இப்போது போட வேண்டாம். ஒன்றரைக் கிலோ கீரை சுண்டி ஒரு சிறிய சட்டியளவுக்கு வந்துவிடும், முதலிலேயே போட்ட உப்பு கடைசியில் கரித்துவிடும்.

வெந்ததும் மிக்ஸியை எடுக்காதீர்கள். ஊரிலிருந்து கீரை மத்து கொண்டுவந்திருந்தால் அதுதான் இதற்குச் சரியான கருவி. பஞ்சாபி வீடுகளிலும் மர மத்தால்தான் கடைகிறார்கள். நார் நாராகத் தெரிய வேண்டும், ஆனால் வாயில் அகப்படக் கூடாது. மிக்ஸியில் நைசாக அரைத்தால் பசையாகிவிடும்.

தண்ணீர் பிரிந்ததற்குக் காரணம், சேர்த்துப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லாதது. கடையும்போதே 3 மேசைக்கரண்டி மக்காச்சோள மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கடையுங்கள். இதற்கு அங்கே ஆலன் என்று பெயர். மாவு போட்ட பிறகு இன்னும் 20 நிமிடம் சிறுதீயில் இருக்க வேண்டும். அதற்கு முன் இறக்கினால் பச்சை மாவு வாடை நிற்கும். இந்தக் கட்டத்தில் சாக் குமிழியிட்டு வெளியே தெறிக்கும், சூடும் அதிகம், நீளக் கைப்பிடி உள்ள கரண்டியால் கிளறுங்கள். உப்பும், நெல்லிக்காய் அளவு வெல்லமும் கடைசியில். நெய்யில் பொடியாக நறுக்கிய வெங்காயமும் இஞ்சியும் பொன்னிறமாக வதக்கிக் கொட்டினால் முடிந்தது. மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். தாளிப்பை மட்டும் அன்றன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மக்கி ரொட்டிக்கு வாங்கியது மஞ்சள் மாவுதானே என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூப்பைக் கெட்டியாக்கும் வெள்ளை கார்ன்ஃப்ளாரில் ரொட்டி வரவே வராது. மஞ்சள் மாவிலும் கோதுமையில் இருக்கும் பசைப் புரதம் கிடையாது. சப்பாத்தி மாவை ஊறவைப்பது அந்தப் புரதம் இளகுவதற்காக. இதில் அது இல்லாததால், பிசைந்து வைத்த அரை மணியில் மேல்பரப்பு காய்ந்து வெடிப்பு விடுவதுதான் மிச்சம். இந்த மாவைச் சேர்த்துப் பிடிப்பது வெந்நீர். சூட்டில் மாவுச்சத்து கொஞ்சம் வெந்து பிசுபிசுப்பாகும், கொழுக்கட்டைக்கு அரிசி மாவு கிளறும்போது நடக்கும் அதே வேலைதான்.

2 கப் மாவு, அரை டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் ஓமம். கொதித்து இறக்கிய நீரை ஒரு கப்பும் தேவைக்குச் சற்று மேலும் விட்டுக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூடு வரும்வரை மூடி வையுங்கள். பிறகு மொத்தத்தையும் பிசையாமல் ஒரு ரொட்டிக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, உள்ளங்கையின் அடியால் பலகையில் இரண்டு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். உருண்டையைக் கட்டை விரலால் அமுக்கினால் ஓரம் வெடிக்காமல் இருக்க வேண்டும். வெடித்தால் ஒரு ஸ்பூன் வெந்நீர் தெளித்து மறுபடி தேய்க்க வேண்டும். பூரிக்கட்டை வேண்டாம். எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் தாளில் கால் அங்குலக் கனத்துக்கு விரலால் தட்டி, தாளோடு கையில் கவிழ்த்து, மிதமான சூட்டில் இருக்கும் கல்லில் போடுங்கள். அடிப்பக்கம் தானாகக் கல்லை விட்டு நகரும்வரை திருப்பக் கூடாது. அவசரப்பட்டால் நடுவில் ஒடியும். முதல் தடவைக்கு 2 கப்புக்குக் கால் கப் கோதுமை மாவு சேர்த்துக்கொள்ளலாம், அதில் தவறொன்றும் இல்லை.

இந்த மாவை ஒரு மாதத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மக்காச்சோள முளையில் இருக்கும் எண்ணெய் சிக்கடித்துக் கசக்கும். சக்கியில், அதாவது மாவு மில்லில், அரை கிலோ, ஒரு கிலோவாக அவ்வப்போது வாங்குவதே நல்லது.

காஞ்ஜியைக் கொட்டியதுதான் எனக்கு வருத்தம். பெரும்பாலும் அது கெட்டிருக்காது.

குளிர்காலத்தில் தில்லிச் சமையலறை 12, 14 டிகிரிக்கு இறங்கிவிடும். இட்லி மாவு பொங்காமல் கிடப்பதை இதற்குள் பார்த்திருப்பீர்கள். காஞ்ஜியைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களும் அந்தச் சூட்டில் மெதுவாகத்தான் வேலை செய்யும். நல்ல வெயிலில் வைத்தால் 4, 5 நாள். பனிமூட்டம் கவிந்து வெயிலே இல்லாத வாரத்தில் 8 முதல் 10 நாள். மூன்றாம் நாள் புளிக்கவில்லை என்பது அங்கே இயல்பு.

அளவு: 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆறவிடுங்கள். கொதித்தால் குழாய்த் தண்ணீரின் குளோரின் போய்விடும். கறுப்புக் கேரட் அரை கிலோ, தோல் சீவி விரல் நீளத் துண்டுகளாக. கறுப்பு கிடைக்காவிட்டால் சிவப்புக் கேரட் 350 கிராமும் பீட்ரூட் 150 கிராமும். உப்பு 50 கிராம், அதாவது தண்ணீரும் காயும் சேர்ந்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. கொரகொரப்பாகப் பொடித்த கடுகு 3 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன். கடுகை அன்றைக்கே பொடியுங்கள். பொடித்த கடுகு ஆறிய நீரில் நனைந்தால்தான் அந்த மூக்கைத் துளைக்கும் காரம் எழும். சூடான நீரில் போட்டால் காரம் செத்து வெறும் கசப்பு மிஞ்சும்.

பாட்டில் வேண்டாம், அகல வாய்க் கண்ணாடி ஜாடியோ பீங்கான் ஜாடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டி, பகலில் பால்கனி வெயில், இரவில் உள்ளே. தினமும் ஒரு முறை ஈரமில்லாத மரக்கரண்டியால் கிளறுங்கள். உங்கள் பாட்டிலில் படலம் வந்தது கிளறாததால்தான். கேரட் மிதக்கும், நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில்தான் முதலில் பிடிக்கும். ஜாடிக்குள் போகிற சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக் காயை அமுக்கிவிடலாம்.

தினமும் உற்றுப் பாருங்கள். முதல் நாளே நீர் ஊதா கலந்த கருஞ்சிவப்பாகிவிடும், அதை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது. மூன்றாம் நான்காம் நாளில் துண்டுகளைச் சுற்றி ஊசிமுனைக் குமிழிகள் ஒட்டியிருக்கும், கிளறினால் மேலே வரும். நீர் லேசாகக் கலங்கும். முகர்ந்தால் முதலில் கடுகு, அதற்குப் பின்னால் புளிப்பு. சுவைத்துப் பார்த்து நாக்கின் ஓரம் கூசினால் குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். பத்து நாளுக்குள் குடித்துவிடலாம், ஊறிய கேரட்டைத் தட்டில் ஊறுகாய் மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

படலம் வெள்ளையாக, தட்டையாக, மாவு தூவியது போலிருந்தால் அது ஒருவகை ஈஸ்ட். கரண்டியால் வழித்துவிட்டு, மணமும் சுவையும் சரியாக இருந்தால் தொடரலாம். பஞ்சு போல எழும்பியோ, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்திலோ இருந்தால் அது பூஞ்சை. அப்போது யோசிக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். மேலே மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் குடிக்கக் கூடாது.

ஜனவரிக்கு எதைச் செய்யலாம் என்று கேட்டீர்கள். பச்சைப் பட்டாணி மலிவாக வரும்போது உத்தரப்பிரதேச வீடுகளில் செய்யும் நிமோனாவை முதலில் செய்யுங்கள், அது ஒரு மணி நேர வேலை. 2 கப் பட்டாணியில் முக்கால் பங்கைக் கொரகொரப்பாக அரைத்து, 3 மேசைக்கரண்டி கடுகெண்ணெயில் இஞ்சி பூண்டு விழுதோடு பத்து நிமிடம் வதக்குங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி, எண்ணெய் ஓரத்தில் கசியும்வரை வதக்குவதை நிறுத்தக் கூடாது, பச்சை வாடை அப்போதுதான் போகும். பிறகு ஒரு தக்காளி, பொரித்த உருளைத் துண்டுகள், மீதிப் பட்டாணி, 2 கப் வெந்நீர். சோற்றுக்கு நன்றாகச் சேரும்.

நாலைந்து நாள் தொடர்ந்து வெயில் வந்தால் காலிஃபிளவர், ஷல்கம், கேரட் சேர்த்த இனிப்பும் புளிப்புமான ஊறுகாயைப் போடுங்கள். ஷல்கம் என்பது டர்னிப். காய்கள் 1 கிலோ என்றால், கொதித்து இறக்கிய நீரில் 2 நிமிடம் போட்டு எடுத்து, துணியில் பரப்பி ஒரு முழு நாள் உலர்த்த வேண்டும். இது கெடுவது பெரும்பாலும் இங்கே மிஞ்சிய ஈரத்தால்தான். கடுகெண்ணெய் 200 மில்லியைப் புகையும்வரை காய்ச்சி, சற்று ஆறியதும் இஞ்சி, பூண்டு தலா 50 கிராம் அரைத்து வதக்கி, 100 மில்லி வினிகரில் கரைத்த 150 கிராம் வெல்லத்தை ஊற்றுங்கள். அடுப்பை அணைத்து கடுகுப்பொடி 2, மிளகாய்த்தூள் 1, கரம் மசாலா 1, உப்பு இரண்டரை என்று மேசைக்கரண்டிக் கணக்கில் சேர்த்துக் காயைப் புரட்டி, ஜாடியில் நாலைந்து நாள் வெயிலில் வையுங்கள்.

கேரட் ஹல்வாவுக்கு அந்த ஊர்ச் சிவப்புக் கேரட்தான் வேண்டும். ஆரஞ்சுக் கேரட்டில் அந்த நிறமும் மணமும் வராது. 1 கிலோவைப் பெரிய கண்ணில் துருவி, 1 லிட்டர் கொழுப்பு நீக்காத பாலில் பால் முழுக்க வற்றும்வரை கிளறிய பிறகே 175 கிராம் சர்க்கரை போடுங்கள். சர்க்கரை விழுந்ததும் மறுபடி நீர்விடும். அதுவும் வற்றியதும் 4 மேசைக்கரண்டி நெய் விட்டு, கரண்டியில் ஒட்டாமல் திரளும்வரை வதக்குங்கள். மார்ச் பிறந்தால் சிவப்புக் கேரட்டின் நடுத்தண்டு கட்டையாகத் தொடங்கிவிடும், ஹல்வாவை அதற்கு முன்பே செய்துவிடுங்கள்.