ஹெட்டை இறக்காமல் சொன்ன விலை

வண்டி கேள்வி – வாசகர் பக்கம்

கேள்வி: 2013-ல் பதிவான பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் மதுரையிலிருந்து திரும்பும்போது கள்ளிக்குடி தாண்டியதும் ஏசியில் சூடான காற்று வந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது போல என்று கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். பத்து நிமிடத்தில் இழுவை குறைந்து வண்டி நின்றேவிட்டது. இப்போது சாவி போட்டால் செல்ஃப் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. ஒர்க் ஷாப்பில் எதையும் பிரிக்காமலே, "என்ஜின் மாத்தணும், 85,000 ஆகும்" என்கிறார்கள். பழைய கார் வாங்குபவர் அப்படியே 60,000-க்குக் கேட்கிறார். ஓடுகிற நிலையில் இதே கார் 2 லட்சம் வரை போகிறது. தம்பி "தள்ளிவிட்டுடு அக்கா" என்கிறான். பள்ளிக்குப் போய்வர எனக்கு இதுதான் வண்டி. என்ன செய்யட்டும் அண்ணா?
– ஆசிரியை, சாத்தூர்

பதில்: தங்கச்சி, ஏசி சூடானதை எழுதினீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. என்ஜின் கொதித்தால் பல கார்களில் ஏசி கம்ப்ரஸர் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்திருந்தால்... சரி, போனது போகட்டும்.

செல்ஃப் சுற்றுகிறது என்றால் என்ஜின் சீஸ் ஆகவில்லை, அதாவது உள்ளே இறுகிப் பூட்டிக்கொள்ளவில்லை. லேசாகச் சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குவது) இல்லை. கொதித்து நின்ற வண்டியில் இப்படி இருந்தால் என் முதல் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் மேல்தான். என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு அது. ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது. அதற்குப் பிறகு "ஒரு தடவை பார்ப்போமே" என்று சாவி போடவே கூடாது. மிச்சமிருக்கும் பேரிங்கும் போய்விடும்.

பிரிக்காமல் சொன்ன 85,000 ஜோசியம். ஹெட்டை இறக்க மட்டும் கூலி பேசுங்கள். இறக்கிப் பார்த்து வேலை வேண்டாம் என்றால் எவ்வளவு தரவேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். இறக்குகிற அன்று அரை நாள் லீவு போட்டாவது பக்கத்தில் நில்லுங்கள். ஹெட்டைத் துடைத்து, குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்து, இடுக்கில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். பல சின்ன கார்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் கணக்கு. நோட்டுத் தாளின் கனத்தில் ஏறக்குறைய பாதி. அதற்கு மேல் வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமமாகச் சீவி ஃபேசிங் போட்டுவிடலாம், வளைவு ரொம்ப அதிகமாக இல்லாதவரை. அடுத்து சிலிண்டர் சுவரில் விரல் நகத்தை ஓட்டச் சொல்லுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தப்பித்தீர்கள். கீறல் கோட்டில் நகம் மாட்டினால் ஃபுல் என்ஜின் வேலை.

கேஸ்கெட், ஃபேசிங், வால்வு வேலை எல்லாம் சேர்த்து 35,000-க்குள் முடிந்தால் யோசிக்கவே வேண்டாம், செய்யுங்கள். விற்றால் வரும் 60,000-ஐயும் சேர்த்தால் 95,000. அந்தப் பணத்துக்குச் சந்தையில் கிடைக்கும் காரை யார் எப்படி ஓட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இந்தக் காரைத் தெரியும். ஆர்.சி.யும் 2028 வரை இருக்கிறது. பிளாக்கில் விரிசல் விட்டிருந்தால் மட்டும் தம்பி பேச்சைக் கேளுங்கள்.

85,000-க்கு மாற்று என்ஜின் என்பவரிடம் ஒன்று கேளுங்கள்: அது புதுசா, அடிபட்ட வண்டியில் கழற்றியதா? சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் நல்ல என்ஜினும் கிடைக்கும், பெயின்ட் அடித்த குப்பையும் கிடைக்கும். எதைப் போட்டாலும் பில் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் என்ஜின் நம்பரை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் விற்கும்போதும் இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடும்போதும் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று. வண்டி ஏன் கொதித்தது என்று யாராவது சொன்னார்களா? 2009-ல் என் சொந்த வேனுக்கு ஹெட் வேலை முழுதாகச் செய்தேன். ரேடியேட்டரை வெளியே மட்டும் கழுவி மாட்டினேன். மூன்றே வாரம், வத்தலகுண்டு மலைப்பாதையில் மறுபடி ஆவி பறந்தது. உள்ளே பாதிக் குழாய் உப்புப் படிந்து அடைத்திருந்தது. இத்தனைக்கும் நான் மெக்கானிக்! உங்கள் பக்கத்துத் தண்ணீரும் உப்புத்தான். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன் மோட்டார் நான்கையும் பார்க்காமல் ஹெட்டை மூட விடாதீர்கள். மூடிய பிறகு கூலன்ட்தான். போர் தண்ணீர் ஊற்றினால் அடுத்த கடிதமும் எனக்குத்தான் வரும்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனது. இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை. இப்போது வேறு கார் வாங்கியிருக்கிறேன். என்ஜின் ப்ரொடெக்ட் எடுத்தால் எல்லாப் பழுதுக்கும் பணம் வருமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வராது. சாதாரண பாலிசியில் தானாக வரும் என்ஜின் பழுதுக்கு இடமில்லை. நீங்கள் சொல்லும் கூடுதல் காப்பு பெரும்பாலும் தண்ணீர் புகுந்து கெடுவதற்கும், அடியில் அடிபட்டு ஆயில் ஒழுகிக் கெடுவதற்கும்தான். பிரீமியம் கட்டுமுன் எதற்கு இல்லை என்கிற பக்கத்தைப் படியுங்கள். உங்கள் ஊருக்கு எடுப்பது நல்லதுதான். எடுத்திருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டிக்குச் சாவி போடாதீர்கள். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ரெக்கவரி வண்டிக்குச் சொல்லுங்கள்.