எழுதாச் சட்டம்

கேள்வி: அரசாணையை மீறி உடன்பிறந்தவனுக்கு இறுதிக்கடன் செய்த ஆன்டிகனியின் செயல் சரியா? (வாசகி, திருவாரூர்)

பதில்: சரி என்றே உறுதியாகக் கருதுகிறேன். கி.மு. 441-ஐ ஒட்டி கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸ் இயற்றிய ‘ஆன்டிகனி’ நாடகத்தில், தீப்ஸ் நகரின்மீது படையெடுத்து மாண்ட அவள் உடன்பிறந்தான் பாலினைசிஸை அடக்கம் செய்யக்கூடாது என ஆணையிடும் மன்னன் கிரியோன், ஆன்டிகனிக்குத் தாய்மாமன். அவள் கிரியோனின் மகன் ஹீமோனுக்கு நிச்சயிக்கப்பட்டவளும் ஆதலால், மருமகள் என்னும் நம் சொல் இரு பொருளிலும் அவளுக்குப் பொருந்துகிறது. உலர்ந்த மண்ணைக் கையால் அள்ளிச் சடலத்தின்மேல் தூவி, வெண்கலக் குடத்திலிருந்து மும்முறை வார்க்கிறாள். காவிரிக்கரையில் நாம் இடும் வாய்க்கரிசி போன்ற அந்தக் கடனைத் தடுக்க எந்த மன்னனுக்கும் உரிமையில்லை, தெய்வங்களின் எழுதாச் சட்டமே மேலானது என்பது அவள் வாதம். உங்கள் ஊர்க் கல்தேர் நினைவூட்டும் மனுநீதிச் சோழன், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சட்டத்தின் விலையை அவனே கொடுத்தான். கிரியோனோ அவளை உயிருடன் குகையில் அடைத்து, அவ்விலையை மருமகள்மீது சுமத்தினான். மனம் மாறி அவன் குகைக்கு விரைந்தபோது அவள் உயிருடன் இல்லை, ஹீமோனும் அவன் கண்ணெதிரே மாண்டான்.