தக்காளி ஏன் இளகுகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தக்காளி இளகுவதற்குக் காரணம் பாலிகேலக்டுரோனேஸ் என்னும் நொதி என்று கல்லூரியில் படித்தேன். அதை அடக்கிய தக்காளி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே காணாமல் போனது ஏன்? நாங்கள் வாங்கும் பெங்களூர்த் தக்காளி நாள்கணக்கில் கெட்டியாக இருப்பதும் மரபணுவில் கை வைத்ததாலா? ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் தாங்குகிறது, ருசிதான் இல்லை.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

பழுக்கும் தக்காளியில் அந்த நொதி ஏராளமாக உருவாகிறது. அதனால் அதுவே முழுக் காரணம் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினார்கள். கலிஃபோர்னியாவின் கால்ஜீன் நிறுவனம் அதன் மரபணுவைத் தலைகீழாகத் திருப்பிச் செருகி, நொதியின் பெரும்பகுதியை அடக்கியது. ‘ஃபிளேவர் சேவர்’ என்ற பெயரில் 1994-இல் பழம் கடைக்கு வந்தது. நொதி அடங்கியதே தவிர, பழம் ஏறக்குறைய வழக்கம்போலவே இளகியது. செடியிலேயே பழுக்கவிட்டுப் பறித்து நெடுந்தூரம் அனுப்பலாம் என்ற கணக்கு தப்பியது, செலவும் கட்டுப்படியாகவில்லை. ஆனால் இந்த நொதி குறைந்த பழத்தை அரைத்தால் விழுது நன்றாகக் கெட்டிப்படும். பிரிட்டனில் 1996 முதல் சில ஆண்டுகள் அப்படிப்பட்ட விழுது டின்னில் விற்றது.

செல்களுக்கு நடுவே சாந்துபோல் இருப்பது பெக்டின். அதன் இழைகளைக் கால்சியம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. பழுக்கும்போது பெக்டின் மெத்தில்எஸ்டரேஸ் என்ற நொதி முதலில் வந்து இழையிலுள்ள மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதிகளைக் கழற்றுகிறது. கழன்ற இடத்தில்தான் பாலிகேலக்டுரோனேஸ் போன்ற வெட்டும் நொதிகள் வேலை செய்ய முடியும். எக்ஸ்பான்சின் என்ற புரதமோ எதையும் வெட்டாமலே செல்லுலோஸ் இழைகளின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. இத்தனை பேர் கூடிச் செய்யும் வேலையில் ஒருவரை நிறுத்தினால் வேலை நின்றுவிடாது. யாரை நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் பெக்டேட் லையேஸ் என்ற வேறொரு வெட்டும் நொதியை அடக்கிக் காட்டினார்கள். பழம் கெட்டியாக நின்றது. நிறமும் இனிப்பும் மணமும் பெரிதாக மாறவில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் முடிவு இதுதான்.

ஏனென்றால் உலகச் சந்தையில் நீண்ட நாள் தாங்கும் தக்காளிகள் பலவற்றில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அவற்றில் ‘ரின்’ என்ற இயற்கையான மரபணுப் பிறழ்வின் ஒரு பிரதியைச் சாதாரணக் கலப்பின முறையிலேயே சேர்க்கிறார்கள். அது குலைப்பது பழுத்தலையே நடத்தும் தலைமை மரபணுவை. இளகுதல், சிவத்தல், மணம் எல்லாம் அந்த ஒரு மரபணுவின் கீழ்தான் வருகின்றன. அதை மந்தமாக்கினால் கெட்டித்தன்மை கிடைக்கிறது, கூடவே ருசியும் போகிறது.

நீங்கள் வாங்குவது மரபணு மாற்றத் தக்காளி அல்ல. இந்தியாவில் அப்படிப்பட்ட எந்தத் தக்காளிக்கும் விற்பனை அனுமதி இல்லை. தடித்த தோலுக்காகத் தேர்ந்தெடுத்த வீரிய ஒட்டு ரகங்களை, நிறம் திரும்பும்போதே பறித்து அனுப்புகிறார்கள்.

ஃபிரிட்ஜைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. ஃபுளோரிடா ஆய்வாளர்கள் பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். மணப்பொருள்களை உருவாக்கும் மரபணுக்கள் பல அடங்கிப்போயின. வெளியே எடுத்து ஒரு நாள் வைத்தும் மணம் முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, வெளியே கூடையில் வையுங்கள்.