ருட்டபேகாவை மே மாதத்தில் விதைக்காதீர்கள்: வளவுத் தோட்டம் கேள்வி – பதில்

கேள்வி: விக்டோரியா தின விடுமுறையில் தக்காளி, மிளகாய் நடும்போதே ருட்டபேகா (டேர்னிப் போன்ற பெரிய கிழங்கு) விதையும் போட்டேன். ஓகஸ்ட் கடைசியில் பிடுங்கினால் ஒரே நாரும் கசப்பும். விதை பழுதா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: விதை பழுதில்லை, விதைத்த நாள்தான் பிழை. தக்காளி வெயிலுக்கு ஏங்கும் பயிர். ருட்டபேகாவுக்குக் கிழங்கு பருக்கும் காலத்தில் 15 முதல் 18 பாகை செல்சியஸ் வரையான குளிர்மை வேண்டும். விதைத்து 90 முதல் 100 நாளில் இது முற்றும். மே கடைசியில் விதைத்தால், கிழங்கு திரளும் நாட்கள் ஓகஸ்ட் வெக்கையில் வந்து விழுகின்றன. நாரும் கசப்பும் அதனால்தான்.

ரொறன்ரோவில் முதல் உறைபனி பெரும்பாலும் ஒக்டோபர் நடுப்பகுதியில் வரும். அதிலிருந்து 100 நாளைப் பின்னோக்கி எண்ணினால் யூலை முதற்கிழமை. ஆகவே யூன் 15க்கும் யூலை 5க்கும் இடையில் விதையுங்கள். வசந்தத்தில் போட்ட லெட்டியூஸ், ஸ்பினாச் முடிந்து பாத்தி வெறுமையாகும் நேரமும் அதுதான். ‘லோரென்ஷியன்’ கனடாவில் நெடுங்காலமாகப் பயிரிடப்படும் இனம். புதிதாகத் தொடங்குபவர்கள் அதை வாங்கலாம்.

4 அடிக்கு 8 அடிப் பாத்தி என்றால் நீளவாக்கில் 18 அங்குல இடைவெளியில் மூன்று கோடுகள் கீறுங்கள். அரை அங்குல ஆழத்தில் அங்குலத்துக்கு ஒரு விதை. ஒரு கிராம் விதை தாராளமாகப் போதும். யூன் மாதத்து மேல்மண் ஒரே நாளில் காய்ந்துவிடும்; முளைவிட்ட விதை செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். விதைக்க முன் கோட்டுக்குள் தண்ணீர் விட்டு, விதைத்து மூடிய பின் நனைத்த சணல் சாக்கை மேலே விரித்து விடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தெரிந்த அன்றே அதை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் நாற்று வெளிறி நீண்டு சரிந்துவிடும்.

கேள்வி: இலை வாழையிலை மாதிரி வளருகிறது, கிழங்கு பெருவிரல் பருமன்தான். கோழிப் பசளையும் நிறையப் போட்டேன்.
– வாசகர், பிரம்டன்

பதில்: கோழிப் பசளையில் தழைச்சத்து அதிகம். அது இலையை வளர்க்கும், கழுத்தை நீட்டும். கிழங்கைத் திரள விடாது. நன்றாக மக்கிய கூட்டெருவை விதைக்க முன் ஓர் அங்குலத் தடிப்பில் பரப்பிக் கிளறிவிட்டாலே போதும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழ வேண்டும்.

நாற்றை ஐதாக்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பத்துப் பேரில் எட்டுப் பேர் தவறும் இடம் இது என்றுதான் சொல்வோம், முளைத்ததைப் பிடுங்க யாருக்கும் மனம் வருவதில்லை. உண்மையான இலை இரண்டு வந்ததும் 2 அங்குலத்துக்கு ஒன்றாகவும், செடி 4 அங்குலம் உயர்ந்ததும் 8 அங்குலத்துக்கு ஒன்றாகவும் விடுங்கள். நெருக்கி நிற்கும் செடிகள் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கிழங்கு வைக்கமாட்டா. பிடுங்கிய நாற்றை வீசவும் வேண்டாம். தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் அருமையாக இருக்கும்.

கேள்வி: கிழங்கின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் புழு குடைந்த சுரங்கம். மருந்து உண்டா?
– வாசகி, மார்க்கம்

பதில்: அது கோவா வேர் ஈயின் புழு. ஈ செடியின் அடித்தண்டை ஒட்டிய மண்ணில் முட்டையிடும்; புழு நேரே வேருக்குள் போய்விடும். உள்ளே போன பிறகு எந்த மருந்தும் எட்டாது, ஈயை அண்டவிடாமல் செய்வதுதான் வழி. 0.8 மில்லிமீற்றர் கண்ணுள்ள பூச்சிவலையை, பாத்திக்குக் குறுக்கே ஊன்றிய வளையங்களின் மேல் விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணுக்குள் புதையுங்கள். முளை தெரிந்து சாக்கை எடுத்த அன்றே போட வேண்டும். செப்டெம்பர் முடியும்வரை இருக்கட்டும். முளையிலையில் ஊசித் துளை போடும் தெள்ளு வண்டையும் இதே வலை தடுக்கும்.

கவனிக்க வேண்டிய ஒன்று: இந்த ஈயின் கூட்டுப்புழு மண்ணுக்குள்ளேயே மாரியைக் கழிக்கும். போன வருடம் கோவா, முள்ளங்கி, நோக்கோல், கடுகு நின்ற பாத்தியில் வலை போட்டால் ஈயை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். ருட்டபேகா, கோவாவும் டேர்னிப்பும் கலந்து பிறந்த பயிர். இரு பக்கத்து உறவின் பூச்சியும் நோயும் இதைத் தேடி வரும். அதே பாத்திக்கு நான்கு வருடத்துக்குப் பிறகு திரும்புங்கள்.

கேள்வி: வெளியே குறையில்லை. வெட்டினால் நடுவில் மண்ணிறமாக, நீர் ஊறியதுபோல் இருக்கிறது. அழுகலா?
– வாசகர், ஏஜக்ஸ்

பதில்: அழுகல் அல்ல, போரன் என்ற நுண்சத்தின் குறைபாடு. மணற்பாங்கான மண்ணிலும், சுண்ணாம்பு அதிகம் போட்ட மண்ணிலும், நீண்ட வறட்சியிலும் இது வரும். அடுத்த முறை விதைக்க முன், 32 சதுர அடிப் பாத்திக்கு மட்டமாக ஒரே ஒரு தேக்கரண்டி போராக்ஸைப் (போரன் உள்ள உப்பு) பூவாளித் தண்ணீரில் கரைத்துச் சீராகத் தெளியுங்கள். இன்னும் கொஞ்சம் போடுவோம் என்று நினைக்க வேண்டாம். போரன் கூடினால் பயிருக்கு நஞ்சு. போஞ்சி அதை அறவே தாங்காது, அடுத்த பயிராக அதை அங்கே போடாதீர்கள். மழை இல்லாத கிழமைகளில் அந்தப் பாத்திக்குக் கிழமைக்கு 75 லீற்றர் தண்ணீர் கொடுங்கள். காயவிட்டுத் திடீரென ஊற்றினால் கிழங்கு வெடிக்கும்.

கேள்வி: எப்போது பிடுங்குவது? கடையில் விற்பதுபோல் மெழுகு பூச வேண்டுமா?
– வாசகி, மிசிசாகா

பதில்: கிழங்கு 4 முதல் 5 அங்குலக் குறுக்களவுக்கு வந்து, இரண்டு மூன்று லேசான உறைபனியும் பட்ட பிறகு பிடுங்குங்கள். குளிர் பட்டால் இனிப்புக் கூடும். மண் இறுகி உறைய முன் எடுத்துவிட வேண்டும். இலையை ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள், கழுவாதீர்கள். ஈரமணல் நிரப்பிய பெட்டியில் 0 பாகையை ஒட்டிய குளிரறையில் வைத்தால் நான்கு மாதமாவது இருக்கும். இடமில்லாதவர்கள் துளையிட்ட பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். கடைக்காரர் மெழுகு பூசுவது ஈரம் போகாமல் இருக்க. வீட்டுக்கு அது தேவையில்லை. கடையில் வாங்கியதென்றால் மெழுகோடு சேர்த்துத் தோலைத் தடிப்பாகச் சீவிவிட்டே கறிக்கு வெட்டுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணா இதை விதைக்க ஆசைப்படுகிறார். வருமா?
– வாசகர், ஒஷாவா

பதில்: வராது. அங்கே மார்கழியிலும் இதற்கு வேண்டிய குளிர் கிடையாது; இலைதான் மிஞ்சும். அவர் நோக்கோல் போடட்டும், நாற்று நட்டு இரண்டு மாதத்துக்குள் பிடுங்கலாம்.