கேள்வி நேரம்: குளிர்ல எதுக்கு யூவி மீட்டர்?

கேள்வி: சார், ஓசோன் ஓட்டை அண்டார்டிகா மேல இருக்காம், அங்கதான் எப்பவும் குளிராச்சே, சூரியனும் சாஞ்சுதான் வரும், அப்புறம் எதுக்கு தினமும் யூவி (புற ஊதாக் கதிர்) அளந்துட்டு இருக்காங்க?

பதில்: குளிருக்கும் யூவிக்கும் சம்பந்தம் இல்லீங்க. வானத்துல உயரத்துல இருக்கற ஓசோன்தான் சூரியனோட யூவியைத் தடுக்குது, அது கொறைஞ்சா யூவி கீழ வந்துடும். கதகதப்பா சூடு தெரியுதே அது வேற கதிர், யூவி சத்தமில்லாம வந்து தோலை எரிச்சுட்டுப் போயிடும், கீழ புதுப் பனி கெடந்தா அதுல பட்டு 80 சதவீதம் வரைக்கும் திரும்ப மூஞ்சிக்கே வரும். சொல்லப்போனா ஓட்டைக்கே குளிர்தான் காரணம். அந்த உயரத்துல மைனஸ் 78 டிகிரிக்கும் கீழ போனா ஒரு மாதிரி மேகம் உருவாகும், அதுல ஃப்ரிட்ஜ், ஸ்ப்ரேல இருந்து நம்ம விட்ட சிஎஃப்சி வாயுவோட குளோரின் முழிச்சுக்கும், செப்டம்பர்ல வெயில் திரும்புனதும் ஓசோனைத் தின்ன ஆரம்பிச்சுடும்.

ஓட்டைன்னா ஓட்டை இல்ல, நைஞ்ச துணி மாதிரி. ஓசோன் சாதாரணமா 300 டாப்சன் (ஓசோனை அளக்கற அலகு) இருக்கும், 220க்கு கீழ எறங்குனா ஓட்டைன்னு கணக்கு. அண்டார்டிகால பிரிட்டனோட ஹாலி ஸ்டேஷன்ல பழைய டாப்சன் கருவியை வச்சு வருஷக்கணக்கா அளந்துதான் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின்னு மூணு விஞ்ஞானிகளும் 1985ல இதை வெளிய சொன்னாங்க. சாட்டிலைட்லயும் பதிவாகித்தான் இருந்துச்சு, இவ்ளோ கம்மியா இருக்காதேன்னு சந்தேகப்பட்டு ஓரமா வச்சிருந்தாங்க, அது தனிக் கூத்து.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். இந்த நைஞ்ச இடம் ஒரே எடத்துல நிக்காது, சுத்தும், நெளியும், சில நாள் ஒரு ஓரம் நீண்டு சிலியோட புன்டா அரீனாஸ், அர்ஜென்டினாவோட உஷுவாயா மேல வந்துட்டுப் போகும், அங்க ஊரே இருக்கு, பசங்க ஸ்கூலுக்குப் போறாங்க. நேத்து சாதாரணமா இருந்த வெயில் இன்னிக்கு வேற மாதிரி இருக்கும், வானத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. அதான் தினமும் அளக்கணும். 1988லேர்ந்து அமெரிக்கா அண்டார்டிகால மெக்மர்டோ, பால்மர், தென் துருவம், அப்புறம் உஷுவாயான்னு கருவி வச்சுச்சு. அது மொத்த வெயிலை அளக்காது, அலைநீளம் வாரியா பிரிச்சுப் பாக்கும். ஏன்னா யூவில யூவி-ஏ, யூவி-பின்னு ரெண்டு வகை, ஓசோன் முக்கியமா தடுக்கறது யூவி-பியைத்தான்; மேகம் வந்தா ரெண்டும் சேர்ந்து குறையும், ஓசோன் குறைஞ்சா யூவி-பி மட்டும் ஏறும், யூவி-ஏ அப்படியே கெடக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாலே குற்றவாளி யாருன்னு தெரிஞ்சுடும்.

கேள்வி: ஓட்டை எப்ப சார் மூடும்?

பதில்: 1987ல மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு சிஎஃப்சியைக் குறைச்சாச்சு, ஆனா ஏற்கனவே மேல போனதுல சிலது நூறு வருஷம்கூட தாக்குப்பிடிக்கும். அண்டார்டிகா மேல 1980 நிலைமைக்குத் திரும்ப சுமாரா 2066 ஆகும்ங்கறாங்க. நடுவுல 2019 மாதிரி சின்ன ஓட்டை வந்தா உடனே கொண்டாடாதீங்க, அந்த வருஷம் மேல திடீர்னு சூடாயிடுச்சு, அவ்ளோதான்.